ஆங்கிலத்துக்கென்றே கட்டிய பிராண்டில் தமிழை எப்படி உட்கார வைப்பது?

#1 · வரைகோல்

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாதமாக ஒரு நிறுவனத்துக்கு முழு பிராண்ட் வேலை செய்தேன். லோகோ, நிறங்கள், எழுத்துருத் தேர்வு, அப்புறம் ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் கம்போனென்ட் (பொத்தான் மாதிரியான திரைத் துண்டுகள்) நூலகம் என்று எல்லாம் முடிந்து ஒப்புதலும் வாங்கியாயிற்று. அத்தனையும் ஆங்கிலத்தில். போன வாரம் ஒரு மெயில் வந்தது: "தமிழ்ப் பதிப்பும் வேண்டும், ஃபான்ட்டை மட்டும் மாற்றினால் போதும்தானே?" போதும் என்றுதான் நானும் நம்பினேன். மூன்று திரைகளைத் தமிழில் போட்டுப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

தலைப்புகளுக்கு வரியுயரம் எழுத்தளவின் 1.1 மடங்கு வைத்திருந்தேன். மேல் வரியில் இருந்த 'ழு'வின் வால் கீழ் வரியில் 'கீ'யின் சுழியோடு போய் முட்டுகிறது. சின்ன லேபிள்களை எல்லாம் கேப்பிட்டல் எழுத்தில், நல்ல இடைவெளி விட்டு வடிவமைத்திருந்தேன். தமிழில் கேப்பிட்டலே கிடையாது என்பது இந்த ஆறு மாதத்தில் ஒரு நாள்கூட என் மனதில் வரவில்லை. போல்ட் எடையில் (தடித்த எழுத்தில்) 'ண', 'ஞ' இரண்டும் மை கொட்டினாற்போல் அடைத்துக்கொண்டன. திரையின் கீழே உள்ள டேப் பட்டியில் 'அறிவிப்புகள்' என்ற சொல் 'அறிவிப…' என்று நிற்கிறது. ப் மேலிருந்த புள்ளியையும் சேர்த்து வெட்டிவிட்டது.

இதைவிடப் பெரிய கவலை லோகோ. ஆங்கில லோகோ சுத்தமான வட்டங்களாலும் நேர்கோடுகளாலும் ஆனது. அதே துண்டுகளை வைத்துத் தமிழ்ப் பெயரையும் கட்டினேன். ட, ப, ம எல்லாம் தானாகவே வந்து உட்கார்ந்தன. 'ண' வந்ததும் நின்றுவிட்டேன். மூன்று அரைவட்டங்களை அடுக்கி ஒருவழியாக முடித்தேன், கிளையன்ட்டுக்கும் பிடித்துவிட்டது. ஆனால் வாசிக்கக் கொடுத்த மூன்று பேரில் இரண்டு பேர் அதை 'ன' என்று வாசித்தார்கள். பெயரையே தப்பாக வாசிக்க வைக்கும் லோகோவை எப்படிக் கையில் கொடுப்பது?

மூன்று வாரம் அவகாசம் கேட்டிருக்கிறேன். இந்த வழியில் ஏற்கெனவே நடந்தவர்கள் எங்கிருந்து தொடங்குவீர்கள் என்று சொல்லுங்கள்.

#2 · எழுத்தாணி24

நான் எழுத்துரு வரைபவன், அதனால் லோகோவில் இருந்தே வருகிறேன்.

நீங்கள் மாட்டிய இடத்தில் மாட்டாத டிசைனர் குறைவு. ட, ப, ம, ய போன்றவற்றில் நேர்கோடும் மூலையும் இருக்கின்றன, அதனால் லத்தீன் துண்டுகள் அங்கே பொருந்துவதுபோல் தெரியும். அந்த நான்கு எழுத்தை வைத்து ஒரு முறையை முடிவு செய்துவிட்டு மற்ற எழுத்துகளிடம் போனால் அவை ஒத்துழைக்காது. நான் எப்போதும் எதிர்ப்பக்கத்தில் இருந்துதான் தொடங்குவேன். முதலில் ண, ஞ, இ, ஐ, ஜ. அடைசலான இந்த எழுத்துகளில் ஒரு கோட்டின் தடிமனும் ஒரு வளைவின் இறுக்கமும் நின்றுவிட்டால், 'ப'வும் 'ட'வும் தானே வந்துவிடும்.

'ண'வை நாம் பள்ளியில் எப்படிக் கற்றோம்? மூன்று சுழி ண, இரண்டு சுழி ன. வாசிப்பவரின் கண் சுழியைத்தான் எண்ணுகிறது. நீங்கள் மூன்று அரைவட்டத்தையும் ஒரே அளவில், இடைவெளியே இல்லாமல் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கையால் எழுதும்போது முதல் சுழி சிறியதாக, உள்ளே சுருண்டு தொடங்குகிறது. அடுத்தடுத்த வளைவுகள் அதைவிடத் திறந்தவை. அந்த ஏற்றத்தாழ்வுதான் "இங்கே மூன்று இருக்கிறது" என்று கண்ணுக்குச் சொல்கிறது. மூன்றையும் சமமாக்கினால் எண்ணிக்கை கரைந்துவிடும்.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். ஓலையில் எழுத்தாணியால் கீறி வளர்ந்த வடிவங்கள் இவை. கீறலில் தடித்த கோடு, மெலிந்த கோடு என்ற பேதம் கிடையாது. ஓலை கிழியும் என்பதால் புள்ளியைக்கூட பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். ஆகவே ஒரே தடிமனில் ஓடும் கோடு தமிழுக்கு அந்நியம் இல்லை, உங்கள் ஆங்கில லோகோவின் சீரான கோட்டை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வட்டத்தை மட்டும் அப்படியே எடுக்க வேண்டாம்.

#3 · மஞ்சள்கோடு

எழுத்தாணி சொல்வதோடு முழுசாக உடன்பட முடியவில்லை. லோகோ என்பது பத்தி வாசிப்பது இல்லை. ஐந்தாறு எழுத்து, அதை ஆயிரம் தடவை ஒரே உருவமாகப் பார்க்கப் போகிறோம். சாலையில் போகிற ஒருவர் ஆங்கிலப் பலகையையும் தமிழ்ப் பலகையையும் பார்த்தால் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று அரை நொடியில் தெரிய வேண்டும். அதற்காக எழுத்தை ஓரளவு வளைப்பதில் தப்பில்லை. கோக்கா-கோலாவின் அரபு லோகோவைப் பாருங்கள். அரபு தெரியாதவருக்கும் அது கோக்கா-கோலாதான்.

வரைகோல், உங்கள் கிளையன்ட்டுக்குப் பிடித்துவிட்டது என்பதையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆறு மாத உறவு அது.

#4 · எழுத்தாணி24

@மஞ்சள்கோடு, அண்ணா, நீங்கள் காட்டிய உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். அந்த அரபு லோகோவில் கடன் வாங்கியது எது? லத்தீன் எழுத்தின் எலும்புக்கூடு இல்லை. பேனா ஓடும் வேகம், வால் சுழலும் விதம், கோடு தடித்து மெலியும் தாளம் இவைதான். எழுத்தின் எலும்பு முழுக்க அரபுதான், அதனால்தான் அரபு வாசிப்பவர் தடுமாறாமல் வாசிக்கிறார். கோட்டின் குணத்தைக் கடன் வாங்குங்கள், எலும்பை மட்டும் விட்டுவிடுங்கள் என்கிறேன்.

மூன்றில் இரண்டு பேர் பெயரையே மாற்றி வாசித்த பிறகு, "ஒரே வீட்டுப் பிள்ளை" என்ற வாதம் எனக்கு நிற்கவில்லை. பெயர் தப்பாகப் போனால் வீடே வேறாகிவிடும்.

#5 · மஞ்சள்கோடு

அந்த இரண்டு பேர் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். அங்கே எனக்குப் பதில் இல்லை. ஆனால் வட்டத்தை முழுக்க விட்டுவிட்டால் குடும்ப ஒற்றுமை எதில் நிற்கும்? தடிமன் ஒன்றில் மட்டுமா?

#6 · எழுத்தாணி24

தடிமன், கோட்டின் முனை வெட்டப்படும் விதம், எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடம், எழுத்துக்கு எழுத்து விடும் இடைவெளி. இந்த நான்கும் ஒத்துப்போனால் கண் ஏற்றுக்கொள்ளும். ஆங்கில லோகோவில் கோட்டு முனை சதுரமாக வெட்டியிருந்தால் தமிழிலும் அப்படியே வெட்டுங்கள். அந்த ஒரு வெட்டு, பத்து வட்டம் செய்யாத வேலையைச் செய்யும். சுழி தொடங்கும் முனையில் மட்டும் கவனம் வேண்டும், சதுர வெட்டு உள்வளைவில் போய் ஒட்டிக்கொள்ளும்.

#7 · பெட்டிக்குள்பெட்டி

டெவலப்பர் பக்கத்தில் இருந்து. லோகோ பற்றி எனக்குத் தெரியாது, 'அறிவிப…' பற்றி நன்றாகத் தெரியும்.

'அறிவிப்புகள்' நமக்கு ஏழு எழுத்து. யூனிகோடு கணக்கில் பன்னிரண்டு குறிகள், ஏனென்றால் றி என்பது ற ஒன்று, மேல்விலங்கு ஒன்று என்று தனித்தனியாகச் சேமிக்கப்படுகிறது. ப் என்பதும் ப, புள்ளி என இரண்டு. உங்கள் டெவலப்பர் ஆறு குறியோடு வெட்டச் சொல்லியிருக்கிறார், வெட்டு சரியாகப் புள்ளிக்கு முன்னால் விழுந்திருக்கிறது. கோடில் எழுத்தை எண்ணி வெட்டுவதை நிறுத்திவிட்டு, அகலம் நிரம்பினால் வெட்டும் வேலையை பிரவுசரிடமே விடச் சொல்லுங்கள். எண்ணித்தான் ஆக வேண்டும் என்றால் ஜாவாஸ்கிரிப்டில் இன்டல் செக்மென்டர் (Intl.Segmenter) என்ற கருவி இருக்கிறது, அது உயிர்மெய்யை ஒன்றாக எண்ணும். க்ஷ, ஸ்ரீ இரண்டையும் மட்டும் அதுவும் இரண்டிரண்டாகத்தான் எண்ணும், அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதே பிழை இன்னும் இரண்டு இடத்தில் ஒளிந்திருக்கும். ஒன்று, புகைப்படம் இல்லாத பயனருக்கு வட்டத்துக்குள் முதல் எழுத்தைப் போடும் கம்போனென்ட். 'செல்வி' என்றால் அதில் 'ச' வரும், 'கோமதி' என்றால் 'க' வரும். தன் பெயரின் முதல் எழுத்தை ஒரு ஆப் தப்பாகக் காட்டினால் எப்படி இருக்கும்? இன்னொன்று, எழுத்து எழுத்தாகத் தோன்றும் அனிமேஷன். அங்கே கொம்பும் காலும் புள்ளிவட்டத்தோடு தனியாக வந்து நிற்கும்.

ஃபான்ட் வரிசைக்கும் வருவோம். பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் ஆங்கில ஃபான்ட்டை முதலிலும் தமிழ் ஃபான்ட்டை இரண்டாவதாகவும் எழுதினால் எண்கள், காற்புள்ளி, அடைப்புக்குறி எல்லாம் ஆங்கில ஃபான்ட்டில் இருந்து வரும். மாற்றி எழுதினால் தமிழ் ஃபான்ட்டுக்குள் இருக்கும் லத்தீன் எழுத்துகள் உங்கள் பிராண்ட் ஃபான்ட்டை ஓரங்கட்டிவிடும். தமிழ் வரியில் எண்கள் குள்ளமாகவோ பெரியதாகவோ தெரிந்தால் காரணம் இதுதான். ஆங்கிலத்தை முதலில் வைத்து, சைஸ்-அட்ஜஸ்ட் என்ற பண்பால் தமிழ் ஃபான்ட்டை நூற்றுக்கு இத்தனை என்று குறைத்து உயரத்தைச் சரிக்கட்டுவது என் வழக்கம்.

#8 · புதுமை

படித்துக்கொண்டிருப்பவள், ஒரு சின்னக் கேள்வி. ஆங்கிலமும் தமிழும் சேர்ந்தே வரையப்பட்ட ஃபான்ட்டை எடுத்தால் இந்தச் சிக்கல் எதுவும் வராதா?

#9 · எழுத்தாணி24

பாதி வராது. கட்டமரன், ஹிந்த் மதுரை, முக்தா மலர், அனேக் தமிழ் எல்லாமே இரண்டு எழுத்துமுறையையும் ஒரே கண்ணோட்டத்தில் பார்த்து வரைந்தவை, உயரமும் தடிமனும் ஒத்துப்போகும். அனேக் வேரியபிள் ஃபான்ட் என்பதால் எடையோடு அகலத்தையும் நகர்த்தலாம். நீளமான தமிழ்ச் சொல் குறுகலான பெட்டியில் நிற்க வேண்டிய இடத்தில் அது பெரிய உதவி. நோட்டோ சான்ஸ் தமிழில் திரைப் பெட்டிகளுக்கென்றே மேல்கீழ் இடத்தைச் சுருக்கி யூஐ என்ற தனி வடிவமும் வெளியிட்டார்கள். அப்படி ஒன்று தேவைப்பட்டதே உங்கள் கேள்விக்கு ஒரு பதில். ஃபான்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வரியுயரத்தையும் படிநிலையையும் டிசைனர்தான் முடிவு செய்தாக வேண்டும்.

#10 · கம்பிவேலி

நான் டிசைன் சிஸ்டம் வேலை மட்டும் பார்ப்பவன். வரைகோல், உங்கள் பதிவில் எனக்குத் தைத்த வரி கேப்பிட்டல் பற்றியது.

ஆங்கிலத்தில் ஒரு தகவல் மற்றொன்றைவிட வேறானது என்று காட்ட கேப்பிட்டல் இருக்கிறது, இட்டாலிக் இருக்கிறது, ஸ்மால் கேப்ஸ் (சிறிய அளவு கேப்பிட்டல்) இருக்கிறது. தமிழில் இந்த மூன்றும் இல்லை. சாய்த்தால் எழுத்து சாயும், ஆனால் அது இட்டாலிக் ஆகாது, அப்படி ஒரு வழக்கமே நமக்குக் கிடையாது. மிஞ்சுவது அளவு, எடை, நிறம், இடைவெளி. ஆகவே "லேபிள் என்றால் 12 அளவு, கேப்பிட்டல், எட்டு விழுக்காடு டிராக்கிங் (எழுத்துகளுக்கு நடுவே விடும் இடம்)" என்று எழுதிய டோக்கன், அதாவது பெயரிட்டு வைத்த நடை விதி, தமிழுக்கு வந்ததும் அர்த்தம் இழந்துவிடுகிறது. அதே டிராக்கிங்கைத் தமிழில் போட்டால் பல மென்பொருள்களில் கொம்பும் காலும் தன் எழுத்தை விட்டு விலகி நிற்கும். 'கொ' என்பது மூன்று தனித் துண்டாகத் தெரியும்.

நான் செய்வது இது. டோக்கனின் பெயரில் உருவத்தைச் சொல்வதில்லை, வேலையைச் சொல்கிறேன். 'சிறு-கேப்பிட்டல்' என்று வைக்காமல் 'துணைத்தலைப்பு' என்று வைக்கிறேன். அந்தப் பெயருக்குக் கீழே லத்தீனுக்கு ஒரு மதிப்பு, தமிழுக்கு ஒரு மதிப்பு. லத்தீனில் அது கேப்பிட்டலும் டிராக்கிங்குமாக இருக்கும். தமிழில் டிராக்கிங் சுழியம், எடை 600, பிராண்டின் இரண்டாம் நிறம். எடை, வரியுயரம், அளவு மூன்றுக்கும் இப்படி இரட்டை மதிப்பு வைத்துவிடுங்கள். தலைப்புக்கு ஆங்கிலத்தில் 1.1 என்றால் தமிழில் 1.35க்குக் கீழே நான் போவதில்லை, பத்திக்கு 1.6. எடை 700 என்றால் தமிழுக்கு 600. இவை என் கண்ணுக்குச் சரியாக வந்த எண்கள். உங்கள் ஃபான்ட்டில் ழு, ஞூ, கீ, ணீ நான்கையும் வரிக்கு மேல் வரி அடுக்கிப் பார்த்து உங்கள் எண்ணைக் கண்டுபிடியுங்கள்.

நிறத்தில் பெரிதாக மாறாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் நடுவே 4.5க்கு 1 என்ற மாறுபாட்டு விதி தமிழுக்கும் அதேதான். மெல்லிய எடையில் சாம்பல் நிறம் மட்டும் வேண்டாம்.

வாசகங்களையும் யாராவது தமிழிலேயே யோசித்து எழுத வேண்டும். 'சமர்ப்பிக்கவும்' என்று பொத்தானில் போட்டுவிட்டுப் பொத்தான் போதவில்லை என்று அழுவதைப் பார்த்திருக்கிறேன். 'அனுப்பு' என்றால் இடமும் மிச்சம், யாருக்கும் புரியும்.

#11 · அச்சுமை

அச்சுப் பக்கத்தில் இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. பலகை வேலையும் இருக்கும் என்பதால் இதைச் சொல்கிறேன், வரைகோல்.

இல்லஸ்ட்ரேட்டரில் தமிழை ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். நின்றால், டைப் அமைப்பில் இந்திய மொழி விருப்பங்களைக் காட்டச் சொல்லி, தெற்காசிய கம்போசருக்கு (எழுத்துகளைக் கோக்கும் முறை) மாற்றுங்கள். இது தெரியாமல் வடிவம் உடைந்த தமிழோடு அச்சான பலகைகளை நானே இறக்கி வைத்திருக்கிறேன். பலகை செய்பவருக்குக் கோப்பு போகும்போது எழுத்துகளை அவுட்லைனாக (ஃபான்ட் தேவைப்படாத வெறும் கோட்டுருவமாக) மாற்றித்தான் அனுப்ப வேண்டும். அவர்கள் கணினியில் இன்னமும் பாமினி மாதிரி பழைய குறியாக்க ஃபான்ட்களில்தான் வேலை ஓடும். உங்கள் யூனிகோடு எழுத்தைப் பார்த்து யாராவது திரும்பத் தட்டச்சு செய்து, ஒரு ஒற்றெழுத்தை விட்டுவிடுவார்கள்.

கைட்லைனில் அளவுகளோடு காரணத்தையும் எழுதுங்கள். நியூயார்க் சுரங்க ரயிலுக்கு 1970இல் விக்னெல்லி, நூர்டா என்ற வடிவமைப்பாளர்கள் இருவரும் போட்ட பலகைக் கையேட்டில் மேலே ஒரு கறுப்புப் பட்டை வரைந்திருந்தது. அது பலகையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைக் குறிக்க வரைந்தது. பலகை செய்தவர்கள் அதையும் வடிவமைப்பு என்று எடுத்துக்கொண்டு பெயின்ட் அடித்துவிட்டார்கள். அந்தக் கோடு அப்படியே நிலைத்தும் விட்டது. நம் பலகைகளில் யாராவது இடம் போதவில்லை என்று தமிழைப் பக்கவாட்டில் நசுக்குவார்கள். "நசுக்கினால் ணவும் னவும் ஒன்றாகிவிடும்" என்று எழுதி, பக்கத்தில் படமும் போட்டுவிட்டால் கை கொஞ்சம் தயங்கும்.

அப்புறம், பழைய தோற்றம் வேண்டும் என்று யாராவது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய தும்பிக்கை 'லை', 'னை' கேட்பார்கள். யூனிகோடில் அதற்குத் தனி இடம் கிடையாது, ஃபான்ட்டில் அந்த வடிவம் இருந்தால்தான் வரும். லோகோவில் வரைந்துகொள்ளலாம். ஆப் முழுக்க வேண்டும் என்றால் முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

#12 · வரைகோல்

எல்லோருக்கும் நன்றி. இரண்டரை வாரத்துக்குப் பிறகு வருகிறேன், நடந்ததை எழுதுவது என் கடன்.

லோகோவை முதலில் இருந்து வரைந்தேன். எழுத்தாணி சொன்னபடி 'ண'வில் தொடங்கினேன். முதல் நாள் முழுக்க அந்த ஒரு எழுத்துதான். பென்சிலால் ஒரு தாள் நிறைய எழுதி, கை எங்கே வேகமாகப் போகிறது, எங்கே திரும்புகிறது என்று பார்த்தேன். முதல் சுழியை மற்ற இரண்டின் முக்கால் அளவுக்குச் சுருக்கி, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் கோட்டின் தடிமனுக்குச் சமமாக இடம் விட்டேன். கோட்டு முனைகளை ஆங்கில லோகோ மாதிரியே சதுரமாக வெட்டினேன், சுழி தொடங்கும் இடத்தில் மட்டும் லேசாகச் சாய்த்து. எழுத்து கொஞ்சம் அகலமாகிவிட்டது. அகலமாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு மற்றவற்றை அதற்கேற்பச் சரிசெய்தேன். 'ப' இப்போது பழைய துண்டுகளில் இருந்து வந்ததில்லை, ஆனால் இரண்டு லோகோவையும் பக்கத்தில் வைத்தால் சொந்தம் தெரிகிறது. மஞ்சள்கோடு அண்ணா, உங்கள் கேள்வியை மனதில் வைத்தே ஒரு சோதனையும் செய்தேன்: எழுத்து கலங்கும் தூரத்தில் நின்று பார்த்தாலும் இரண்டும் ஒரே கனத்தில் தெரிகின்றன.

வேறு ஐந்து பேரிடம் வாசிக்கக் கொடுத்தேன். ஐந்து பேரும் சரியாக வாசித்தார்கள். பழைய வடிவத்தையும் புதியதையும் வாசித்தவர்களின் பதிலோடு கிளையன்ட்டுக்குக் காட்டினேன். பழையதுதான் அழகு என்று அவர் இப்போதும் சொல்கிறார், ஆனால் புதியதற்கு ஒப்புதல் கொடுத்துவிட்டார்.

டோக்கன்களை வேலைப் பெயருக்கு மாற்றுவதில்தான் அதிக நேரம் போயிற்று. நாற்பத்தொரு எழுத்து நடைகள் வைத்திருந்தேன், வேலையை வைத்துப் பெயரிடத் தொடங்கியதும் பதினெட்டாகச் சுருங்கிவிட்டது. மீதி எல்லாம் ஆங்கிலத்தில் கேப்பிட்டல் உண்டு, இல்லை என்ற வித்தியாசத்துக்காக இருந்தவை. வரியுயரம் என் ஃபான்ட்டில் 1.4இல் நின்றது. முதல் எழுத்து வட்டத்தில் 'ச' வரும் பிழை எங்கள் ஆப்பிலும் இருந்தது, டெவலப்பர் சரிசெய்துவிட்டார்.

#13 · புதுமை

அக்கா, எந்தெந்தச் சொற்களை வைத்துச் சோதித்தீர்கள் என்று இங்கே போட முடியுமா? என் கல்லூரி ப்ராஜெக்டிலும் வைத்துப் பார்க்கிறேன்.

#14 · வரைகோல்

ஃபைலின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருப்பதை அப்படியே தருகிறேன். எந்தக் கம்போனென்ட் செய்தாலும் இனி ஆங்கிலம் போடுவதற்கு முன்னால் இவற்றைத்தான் போடுகிறேன்.

அறிவிப்புகள். இணைத்துக்கொள்ளுங்கள். விழுப்புண். கீழுள்ள. மண், மன். ஞாயிறு. ஔவை. கௌரவம் (இதையே க, கொம்பு, ள என்று தட்டச்சு செய்தும் பாருங்கள், கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும், தேடலில் அகப்படாது). ஸ்ரீ. பக்ஷி. செல்வி, கோமதி. 'ஜூன் 30, 12:45' என்று எண்ணோடு ஒரு வரி.

இதில் 'விழுப்புண்'ணை இரண்டு வரி வரும் தலைப்பில் மேலேயும், 'கீழுள்ள'வை அதன் நேர் கீழேயும் வையுங்கள். பெரும்பாலான வரியுயரங்கள் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.